பேண்டேஜ் துணி முதல் ஆண்டாள் கிளி வரை: ஒரு கைத்தொழில் ஊர் விட்டு ஊர் பரவுவது எப்படி?

காயத்துக்குக் கட்டுப் போடும் வெள்ளைத் துணி எந்த ஊரில் நெய்தது என்று நாம் யோசிப்பதே இல்லை. மருந்துக் கடையில் வாங்கும் அந்தச் சின்ன ரோல், ராஜபாளையத்துக்குக் கிழக்கே உள்ள சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதித் தறிகளில் நெய்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நாட்டின் முக்கியமான மருத்துவத் துணி மையங்களில் இந்தப் பகுதியும் ஒன்று.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கையில் தினமும் வைக்கப்படும் இலைக்கிளியைச் செய்யத் தெரிந்தவர்கள் அங்கே விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். அதே ஊரில் பால்கோவாவோ கடைக்குக் கடை, தெருவுக்குத் தெரு கிண்டப்படுகிறது.

ஒரே வட்டாரம், ஒரே வெயில், ஒரே சந்தை. ஒரு தொழில் ஊர் முழுக்கப் பரவுகிறது, இன்னொன்று ஒரே வீட்டுக்குள் நிற்கிறது. ஏன் இப்படி? விருதுநகர் மாவட்டத்தின் சில உதாரணங்களோடு பார்க்கலாம்.

சுருக்கமாக:

• தொழில் நுட்பம் புத்தகத்தைவிட ஆட்கள் வழியாகத்தான் அதிகம் பரவுகிறது.
• புதிய வேலை, கைக்குத் தெரிந்த பழைய வேலையோடு ஒட்டினால் வேகமாகப் பரவும்.
• சின்னச் சின்ன வேலையாகப் பிரிக்க முடிந்த தொழில் பல வீடுகளுக்குப் போகும். அதில் ஆபத்தும் உண்டு.
• கற்றுக்கொள்ள அடுத்த ஆள் வராவிட்டால், பரவிய நுட்பமும் ஒரு தலைமுறையில் காணாமல் போகலாம்.

நுட்பம் பரவ எத்தனை வழி?

பெரும்பாலும் மூன்று வழிதான்.

முதல் வழி, தொழில் தெரிந்தவர்களே இடம் பெயர்வது. இதற்கு இந்தியாவில் ரொம்பப் பழைய ஆதாரம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் மந்தசோரில் கிடைத்த 5-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு, இன்றைய தெற்கு குஜராத்தான லாட நாட்டில் இருந்து பட்டு நெசவாளர்கள் கூட்டமாக வந்து குடியேறியதைச் சொல்கிறது. வந்தவர்கள் அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டினார்கள். சிலர் நெசவிலேயே நின்றார்கள், சிலர் வில்வித்தை, ஜோதிடம் என்று வேறு வேலைக்கு மாறினார்கள். நம் பக்கத்தில் மதுரை சுங்குடி இதே வகை. குஜராத் பக்கத்தில் இருந்து தெற்கே வந்த சௌராஷ்டிர மக்களோடு சேர்ந்த முடிச்சுச் சாயத் தொழில் அது. 2005-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இரண்டாவது வழி, ஒருவர் வெளியூர் போய்க் கற்றுக்கொண்டு திரும்புவது. சிவகாசி தீப்பெட்டி இப்படி வந்ததுதான்.

மூன்றாவது வழிதான் அதிகம் நடப்பது, ஆனால் யாரும் எழுதி வைக்காதது. பக்கத்து வீட்டுக்காரர் செய்வதைப் பார்த்துக் கற்பது. கூலிக்குப் போன இடத்தில் தொழிலைப் பிடித்துக்கொண்டு சொந்தமாக ஒரு தறி போடுவது, ஒரு அடுப்பு வைப்பது. கல்யாணமாகிப் போன பெண்ணோடு கைவேலையும் புகுந்த ஊருக்குப் போவது. கண் பார்த்ததைக் கை செய்யும் கதைதான்.

சத்திரப்பட்டி தறிகளில் பேண்டேஜ் துணி எப்படி?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் பழைய நெசவுப் பகுதி. சுற்றுப்புறத்தில் பருத்தி விளையும் கரிசல் மண். சாலியர் உள்ளிட்ட நெசவுச் சமூகங்கள் தலைமுறைகளாக இங்கே தறி போட்டவர்கள். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன் பின் இந்த ஊர் நூற்பாலை ஊராகவும் வளர்ந்தது. நூல் பக்கத்திலேயே கிடைத்தது, நெய்யத் தெரிந்த கையும் பக்கத்திலேயே இருந்தது.

பேண்டேஜ் துணியும், நோயாளிக்குப் புண்ணில் வைக்கும் காஸ் துணியும் நெசவு முறையில் ரொம்பச் சாதாரணமானவை. பாவு ஒன்று மேலே, ஒன்று கீழே. ஊடை ஒன்று உள்ளே. அவ்வளவுதான். சேலைக்கும் வேட்டிக்கும் இழைகளை நெருக்கி அடிக்க வேண்டும். இங்கே தளர்த்தி விட வேண்டும். துணிக்குள் காற்று போகணும், புண்ணில் இருந்து வரும் நீரை உறிஞ்சணும்.

அதாவது பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது, அறுந்த இழையை முடிச்சுப் போடுவது, தறிச் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடிப்பது என்று நெசவாளருக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையில் பெரும்பகுதி அப்படியே பயன்பட்டது. மாற வேண்டியது அச்சின் நெருக்கம், ஊடை விழும் எண்ணிக்கை, பிறகு கையை மாற்றி மோட்டார். கைத்தறியில் இருந்து விசைத்தறிக்கும், உடுத்தும் துணியில் இருந்து மருத்துவத் துணிக்கும் தாண்ட வேண்டிய தூரம் வெளியே இருந்து பார்க்கிறவர்கள் நினைக்கும் அளவு பெரியது இல்லை.

புதிதாகக் கற்க வேண்டியிருந்தது நெசவுக்குப் பிந்தைய வேலையைத்தான். தறியில் இருந்து இறங்கும் காடா துணி தண்ணீரை உறிஞ்சாது. பருத்தி இழை மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு இருக்கும், கூடவே நெசவுக்குப் போட்ட கஞ்சியும் இருக்கும். காஸ்டிக் சோடா கரைசலில் வேகவைத்து அவற்றை எடுக்க வேண்டும். பிறகு வெளுக்க வேண்டும். அலச வேண்டும். காய வைக்க வேண்டும். சரியாக வெந்ததா என்பதற்குச் சோதனை எளிது. துணியைத் தண்ணீர் மேல் போட்டால் 10 நொடிக்குள் மூழ்க வேண்டும். மிதந்துகொண்டே இருந்தால், அது இன்னும் மருத்துவத் துணி ஆகவில்லை என்று அர்த்தம்.

அதன் பிறகு அளவாக வெட்டுவது, மடிப்பது, ரோலாகச் சுற்றுவது, பாக்கெட் போடுவது. தறி ஓட்டத் தெரியாத வீடுகளுக்கும் வேலை கிடைப்பது இந்த இடத்தில்தான்.

இழையின் எண்ணிக்கை, எடை, உறிஞ்சும் தன்மை எல்லாவற்றுக்கும் மருந்துச் சட்ட விதிகளில் அளவு உண்டு. காரணம், இந்தியச் சட்டத்தில் பேண்டேஜ் துணிக்கு மருந்துக்கு உள்ளதுபோலத் தரக் கட்டுப்பாடு இருக்கிறது. சேலையில் ஒரு இழை விட்டுப் போனால் விலை குறையும், அவ்வளவுதான். இங்கே சரக்கே திரும்பி வந்துவிடும். நெசவாளருக்கு இந்த அளவுகோலைக் கற்றுக் கொடுத்தது பெரும்பாலும் பள்ளிக்கூடம் இல்லை, திரும்பி வந்த சரக்குதான்.

1733-ல் வந்த கருவி நம் தறிக்கு வர ஏன் இவ்வளவு காலம்?

எல்லா நுட்பமும் இப்படிச் சட்டென்று ஒட்டிக்கொள்வதில்லை. பறக்கும் நாடா நல்ல உதாரணம்.

பழைய தறியில் நெசவாளர் நாடாவை ஒரு கையால் தள்ளி மறுகையால் பிடிக்க வேண்டும். கையின் நீளம்தான் துணியின் அகலம். கயிற்றை இழுத்தால் நாடா தானாக ஓடும் அமைப்புக்கு இங்கிலாந்தின் ஜான் கே 1733-ல் காப்புரிமை வாங்கினார். வேகமும் கூடியது, துணியின் அகலமும் கூடியது. வேலை போய்விடும் என்று பயந்த அந்த ஊர் நெசவாளர்களே அவரை எதிர்த்தார்கள். கடைசியில் அவர் பிரான்ஸுக்குப் போனார்.

தமிழ்நாட்டுக் கைத்தறிகளில் இந்த நாடா பரவலாகப் பேசப்பட்டது 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். சென்னை மாகாணத் தொழில் வளர்ச்சிக்காக வேலை செய்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் சேலத்தில் அரசு நெசவுக்கூடம் ஒன்று அமைய முன்நின்றார். மேம்பட்ட தறிகளை நெசவாளர்களுக்கு அறிமுகம் செய்வது திட்டம். அந்தக் கூடம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது.

ஆனால் பறக்கும் நாடா நிற்கவில்லை, மெதுவாகத் தறிக்குத் தறி போனது. வீட்டில் சொந்த நேரத்தில் வேலை பார்த்துப் பழகியவரைக் கூடத்துக்குக் கூப்பிட்டு மணி அடித்து வேலை வாங்குவது ஒன்று, அவர் வீட்டுத் தறியிலேயே ஒரு பெட்டியும் கயிறும் பொருத்துவது வேறு. முதலாவது அவருடைய வாழ்க்கையையே மாற்றச் சொல்கிறது. இரண்டாவது தறியை மட்டும் மாற்றச் சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. இழை மெல்லியதாக, கரை சிக்கலானதாக இருக்கும் துணியில் வேகம் பெரிய லாபம் தராது. சாதா துணி நெய்கிறவருக்கு லாபம் தரும். அதனால் ஒரு கருவியை ஒரு ஊர் எடுத்துக்கொள்வதும் பக்கத்து ஊர் வேண்டாம் என்பதும் அறியாமை இல்லை. பல நேரம் அது நெசவாளர் போட்ட கணக்கு.

சிவகாசிக்குத் தீப்பெட்டி எங்கிருந்து வந்தது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பேருந்தில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சிவகாசி. மழை குறைந்த, விவசாயத்தை மட்டும் நம்ப முடியாத பகுதி. 1922-ல் அந்த ஊரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்க கல்கத்தாவுக்குப் போனார்கள். அங்கே அப்போது சின்ன அளவில் தீப்பெட்டி செய்யும் தொழில் இருந்தது. கற்றுக்கொண்டு 1923-ல் ஊர் திரும்பினார்கள்.

அவர்கள் இயந்திரங்களோடுதான் தொடங்கினார்கள். ஆனால் சீக்கிரமே கைவேலை பக்கம் திரும்பினார்கள். இந்தத் தொழில் பரவியதற்கு முக்கியக் காரணமே அந்த மாற்றம்தான். குச்சியைச் சட்டத்தில் அடுக்குவது ஒரு வேலை. மருந்தில் முக்குவது இன்னொரு வேலை. பெட்டி ஒட்டுவது, குச்சியை நிரப்புவது, லேபிள் ஒட்டுவது என்று ஒவ்வொன்றும் தனித்தனி வேலை. மருந்துக் கலவை தெரிந்த ஆள் ஒருவர் போதும். மற்ற வேலைகளைச் சில நாளில் பழகிக்கொள்ளலாம், அதில் சிலவற்றை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே செய்யலாம்.

இப்படித்தான் தொழில் சிவகாசியைத் தாண்டி சாத்தூர், கோவில்பட்டி என்று போனது. கையால் செய்யும் சிறிய ஆலைகளுக்கு வரி குறைவாக இருந்ததும் பெரிய கம்பெனிகளோடு அவை போட்டி போட உதவியது.

ஒரு தொழில் இன்னொன்றைப் பெற்றது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு காலண்டர், நோட்டு, புத்தகம் என்று எதையும் அடிக்கலாமே! பக்கத்திலேயே பட்டாசும் வளர்ந்தது. இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டிக்கும், அன்றைக்குக் கல்கத்தா போன அந்த ரயில் பயணத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

பரவுவது எப்போதும் நல்லதுதானா?

இல்லை. சின்னச் சின்ன வேலையாகப் பிரித்ததால்தான் குழந்தைகளின் கையும் அந்த வேலைக்குப் போதும் என்று ஆனது. சிவகாசி என்றாலே குழந்தைத் தொழிலாளர் என்று உலகம் பேசிய காலம் அது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையான உத்தரவுகள் போட்டது. அந்த வழக்கின் மையமே சிவகாசிதான்.

பட்டாசில் இன்னொரு பாடம். மருந்தை எப்படிக் கலப்பது என்பது கைக்குக் கை வேகமாகப் பரவிவிட்டது. எந்த வெயிலில் கலக்கக் கூடாது, ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எது எதோடு உரசக் கூடாது என்ற அறிவு அதே வேகத்தில் போகவில்லை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் விபத்துகள் நின்றபாடில்லை.

செய்யத் தெரிவது ஒரு பாதி. செய்யும்போது எதைச் செய்யக் கூடாது என்று தெரிவது மறு பாதி. பார்த்துக் கற்கும்போது முதல் பாதிதான் கண்ணில் படும்.

பால்கோவா ஊர் முழுக்கப் பரவியது எப்படி?

பாலைச் சுண்டக் காய்ச்சி இனிப்பு செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. கல்யாண வீட்டில் வைக்கும் திரட்டுப்பால் அதுதான். வடக்கே இதற்குக் கோவா, பேடா என்று வேறு பெயர், வேறு பக்குவம். வடக்கில் இருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வியாபாரத்தைத் தொடங்கியது என்பது ஊரில் சொல்லப்படும் கதை.

அது எப்படியோ, பரவுவதற்குத் தேவையானது எல்லாம் ஊரில் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் மாடு வளர்ப்பு இருந்ததால் பால் இருந்தது. ஆண்டாள் கோயிலுக்கு வரும் பக்தர்களால் வாங்க ஆளும் இருந்தது. கருவி என்று பார்த்தால் ஒரு பெரிய இரும்புச் சட்டி, ஒரு நீளக் கரண்டி, புளிய விறகு. முதலீடு குறைவு. இன்னொருவர் கடையில் அடுப்படியில் நின்றவர் சில வருடத்தில் தனிக் கடை போட முடியும்.

ஆனால் ரகசியமே இல்லையா என்றால், உண்டு. அது எழுத முடியாத ரகசியம். பாலும் சர்க்கரையும் எவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். தீயை எப்போது குறைப்பது, அடிப்பிடிக்காமல் எந்த வேகத்தில் கிண்டுவது, எந்த நிறத்தில் இறக்குவது என்பது கண்ணுக்கும் மணிக்கட்டுக்கும்தான் தெரியும். ஒரு நிமிஷம் முந்தினால் தளர்ந்துவிடும். ஒரு நிமிஷம் பிந்தினால் கருகல் வாடை வந்துவிடும்.

2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்தக் குறியீடு செய்முறையைப் பூட்டி வைப்பதில்லை. பெயரைத்தான் பாதுகாக்கிறது. சேலத்திலோ சென்னையிலோ யாரும் பால்கோவா கிண்டலாம், விற்கலாம். ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்று பெயர் போட்டு விற்கத்தான் தடை.

ஆண்டாள் கிளி ஏன் பரவவில்லை?

ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளி தினமும் புதிதாகச் செய்யப்படுகிறது. மாதுளம்பூ அதன் மூக்கு. மரவள்ளி இலைகள் உடல். நந்தியாவட்டை இலையும் பூக்களும் மற்ற பாகங்களுக்கு. கட்டுவதற்கு வாழை நார். மாலைப் பூஜையில் வைக்கப்படும் கிளி, பிறகு பக்தருக்குப் பிரசாதமாகப் போகும். அடுத்த நாள் வேறு கிளி. ஒரு கிளிக்குப் பல மணி நேர வேலை.

பரம்பரையாக உரிமை உள்ளவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். புரட்டாசி பிரம்மோற்சவத்துக்காக ஆண்டாள் சூடிக் களைந்த மாலையோடு கிளியும் திருப்பதிக்குப் போகும். கிளி இப்படி வெளியூர் போகும், கிளி செய்யும் கை போகாது.

இது பரவாததற்கு ரகசியம் மட்டும் காரணம் இல்லை. இதற்குச் சந்தை இல்லை, தேவை ஒரு நாளைக்கு ஒன்றுதான். இது கோயில் கைங்கரியம், உரிமையோடு கட்டப்பட்டது. வேலையைப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுக்கவும் வழி இல்லை. ஒருவர் கையிலேயே தொடங்கி அங்கேயே முடிய வேண்டிய வேலை.

ஆனாலும் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. மரவள்ளி நம் ஊர்ச் செடியே இல்லை. தென் அமெரிக்காவில் இருந்து போர்ச்சுகீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதன் சாகுபடியை ஊக்குவித்தார். அந்த மலைத்தொடரின் இந்தப் பக்கம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர். அப்படியானால் இன்று நாம் பார்க்கும் மரவள்ளி இலைக் கிளி, அந்தச் செடி இங்கே வந்த பிறகுதான் இந்த உருவத்தை எடுத்திருக்க முடியும். யாருக்கும் கற்றுத் தராத ஒரு கைவேலையும், வெளியில் இருந்து வந்த ஒரு இலையை எடுத்துக்கொண்டிருக்கிறது.

பெரிய தேரில் ஹைட்ராலிக் பிரேக்: பழையது என்ன ஆனது?

இரண்டு வகைத் தொழிலாளர்கள் ஒரே பொருளில் கை வைத்தால் என்ன ஆகும்? தேரைப் பாருங்கள்.

மரச் சக்கரமும் மர அச்சும் கொண்ட பெரிய தேரை ஆயிரக்கணக்கானோர் இழுப்பார்கள். திருப்புவதும் நிறுத்துவதும்தான் கஷ்டம், உயிர்ப் பலியும் நடக்கும். திருவாரூர், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற பெரிய தேர்களில் பிற்காலத்தில் இரும்பு அச்சு, இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக் வந்தன. கொதிகலன் செய்யும் திருச்சி பெல் ஆலையின் பொறியியல் இதில் கோயில் தேரோடு சேர்ந்தது. மேலே தச்சரின் மரவேலை, கீழே ஆலையின் இரும்பு.

அதனால் முட்டுக்கட்டை போடுகிறவர் வீட்டுக்குப் போய்விட்டாரா? இல்லை. தேர் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தச் சக்கரத்துக்கு எந்த நொடியில் கட்டையைக் கொடுத்தால் திரும்பும் என்பது அவருக்குத்தான் தெரியும். பிரேக் தேரை நிறுத்தும். வீதி முனையில் திருப்பக் கட்டை வேண்டும். புது நுட்பம் வந்த இடத்தில் எல்லாம் பழைய கை காலியாகிவிடும் என்று இல்லை.

பிறப்பா, பயிற்சியா? இப்போதைய விவாதம்

ஒரு தொழில் யாருக்குச் சொந்தம், அப்பா செய்ததைப் பிள்ளை செய்யணுமா, யார் வேண்டுமானாலும் கற்கலாமா என்பது வரலாற்றுக் கேள்வி மட்டும் இல்லை. அரசுத் திட்டத்தின் விண்ணப்பத்திலும் இந்தக் கேள்வி இருக்கிறது.

மத்திய அரசு 2023 செப்டம்பர் 17-ல் பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. தச்சர், கொல்லர், குயவர், மாலை கட்டுபவர் என 18 தொழில்களுக்குப் பயிற்சி, நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவி வாங்க 15,000 ரூபாய், குறைந்த வட்டியில் கடன் உண்டு. கைவினைஞர்களை முறையாகப் பதிவு செய்து உதவுவதே நோக்கம் என்கிறது மத்திய அரசு. குடும்பத் தொழிலாகச் செய்தவர் என்ற நிபந்தனை சாதித் தொழிலை உறுதிப்படுத்தும் என்று தமிழ்நாடு அரசு எதிர்த்தது. அதை நீக்கச் சொல்லிக் கடிதமும் எழுதியது. பிறகு 25 தொழில்களுக்கு, குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாமல், ‘கலைஞர் கைவினைத் திட்டம்’ என்று தனியாகக் கொண்டுவந்தது. இதற்குக் குறைந்தபட்ச வயது 35. 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய்.

இந்த மாவட்டத்தின் கதையை வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் யோசிக்க விஷயம் இருக்கிறது. சத்திரப்பட்டி தறியில் தலைமுறை அனுபவம் உதவியது உண்மை. சிவகாசி தீப்பெட்டியை இரண்டு பேர் புதிதாகப் போய்க் கற்று வந்தார்கள் என்பதும் உண்மை. பரம்பரையை மட்டும் நம்பியிருந்தால் சிவகாசிக்குத் தீப்பெட்டியே வந்திருக்காது.

அடுத்து என்ன?

விசைத்தறிக்குத் தமிழ்நாடு அரசு 1,000 யூனிட் வரை இலவச மின்சாரம் தருகிறது. சேலத்தில் 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இயங்குகிறது. மின்சாரமும் நிறுவனமும் உதவும். ஆனால் தறிப் பக்கத்தில் கேட்கும் கேள்வி வேறு. நெய்த அளவுக்குத்தான் கூலி. நூல் விலை ஏறும்போது கூலி ஏறுவதில்லை. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். அது தப்பும் இல்லை.

நாடாவே இல்லாத வேகத் தறிகள் சந்தைக்கு வந்துவிட்டன. அவற்றை வாங்கப் பெரிய முதலீடு வேண்டும். கயிறும் பெட்டியும் பொருத்தியது போல வீட்டுத் தறியில் அதைப் பொருத்த முடியாது. பக்கத்து வீட்டைப் பார்த்துக் கற்கும் பழைய வழி இந்த இடத்தில் அடைபடுகிறது. இழையைத் தொட்டே ஈரப்பதம் சொல்லும் கைகளுக்கும் புதிய இயந்திரத்துக்கும் நடுவே யாராவது பாலம் போட்டால்தான் சத்திரப்பட்டி அடுத்த படிக்குப் போகும். கூட்டாக வாங்குவது, பொதுப் பயிற்சிக் கூடம், தொடக்கத்திலேயே முறையான கூலி என்று செய்ய வேண்டியவை பல.

கேள்வி - பதில்

பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் ஒன்றா?
இரண்டும் பருத்தியில் சாதா நெசவுதான். காஸ் இன்னும் தளர்வான நெசவு, புண் மேல் வைத்து நீரை உறிஞ்சப் பயன்படும். பேண்டேஜ் சுற்றிக் கட்டுவதற்கு.

புவிசார் குறியீடு வாங்கினால் அந்தத் தொழிலை வேறு ஊரில் செய்யக் கூடாதா?
செய்யலாம். குறியீடு பெற்ற பெயரைப் போட்டு விற்கக் கூடாது.

பி.எம். விஸ்வகர்மா பட்டியலில் துணி நெசவு உண்டா?
18 தொழில்களில் கைத்தறித் துணி நெசவு இல்லை. தையல், மாலை கட்டுதல், பாய் - கூடை பின்னுதல் உண்டு.

பழைய கைத்தொழிலைக் காப்பாற்ற வீடியோ எடுத்து வைத்தால் போதாதா?
உதவும், ஆனால் போதாது. பால்கோவாவின் பதமும் தறியின் சத்தமும் பக்கத்தில் நின்று பழகினால்தான் பிடிபடும். வீடியோவைப் பார்த்த பிறகும் கற்றுத்தர ஒரு ஆள் வேண்டும், கற்க வருகிறவருக்கு அந்த மாதம் கையில் கூலி வேண்டும்.